ஏழாம் பொட்டலம்

காலடிப்பேட்டை, திருவொற்றியூர்
9 ஜூன் 2025

அன்புள்ள செல்லக்கனி அக்காவுக்குத் தம்பி வெள்ளத்துரை எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நான், ரெஜினா, ஜெனி மூன்று பேரும் சுகம். என் வலது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உங்களுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது, மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா என்று எழுதுங்கள்.

கையில் போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நான் அரிசி மண்டியில் போன் பேசினால் டோல்கேட் வரைக்கும் கேட்கிறது. வீட்டில் பேசினால் ரெஜினா கேட்டு அவள் அண்ணனிடம் சொல்லுவாள். அவர் சந்தை முழுக்கச் சொல்லுவார். இது வெளியே போகக் கூடாத விஷயம்.

ஜெனிக்கும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஆன்றோவுக்கும் டிசம்பர் 29-இல் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. அப்பன் நான்தானே அவளைக் கோயில் வாசலிலிருந்து ஆல்டர் மேடை வரை கைபிடித்து அழைத்துப் போக வேண்டும்? போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஆள் கலைந்த பிறகு ஒத்திகை பார்த்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு அடி. பத்தொன்பதாவது அடியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நான் மனம் உடைந்து போனேன் என்று நினைத்துத் தன் வேதாகமத்தை நீட்டினார்.

என் எடை நூற்றுப் பன்னிரண்டு. பதினைந்து கிலோ குறைக்காமல் இந்த முழங்கால் கேட்காது என்று டாக்டர் சொல்லி, ராயபுரத்தில் நவ்ரீன் என்கிற டயட்டீஷியனிடம் அனுப்பினார். சின்னப் பெண். மாவுச்சத்தைக் குறைக்கிற சாப்பாட்டு முறையாம். சோறு, இட்லி, தோசை, உருளைக்கிழங்கு, சீனி எல்லாம் கூடாது. முட்டை, மீன், கறி, கீரை சாப்பிடலாம். "அங்கிள், ஒரு நாளைக்கு எவ்ளோ சோறு சாப்டுவீங்க?" என்று கேட்டாள். "சாப்பாடாவா, சாம்பிளாவா?" என்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும். மில்லிலிருந்து வருகிற ஒவ்வொரு லோடுக்கும் சாம்பிள் வடித்து, சூட்டில் ஒரு கவளம், ஆறின பிறகு ஒரு கவளம் தின்று பார்க்காமல் எபினேசர் அரிசி மண்டியில் மூட்டை இறங்கினது கிடையாது. தினமும் ஐந்து சாம்பிள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பத்துக் கவளம். நான் இப்படிப் பெருத்தது இதனால்தான்.

மண்டிக்காரன் சாம்பிள் தின்பதில்லை என்று தரகர்களுக்குத் தெரிந்தால் குப்பையைக்கூடப் பொன்னி என்று இறக்கிவிட்டுப் போவார்கள். தினசரி லோடை எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன். பெரிய லோடுக்கு மட்டும் நீங்கள் உதவ வேண்டும். அப்பாவுக்கு அடுத்து நம் வீட்டில் நாக்கு என்றால் உங்கள் நாக்குதான். பஸ் பார்சலில் மூன்று பொட்டலம் அனுப்புகிறேன். வடித்துச் சாப்பிட்டுப் பார்த்து எழுதுங்கள். உங்கள் வார்த்தைதான் எனக்கு முத்திரை.

உங்கள் ஜெபத்தில் என் முழங்காலையும் சேர்த்துக்கொள்ளும்
தம்பி வெள்ளத்துரை


பாளையங்கோட்டை
17 ஜூன் 2025

அன்பான தம்பிக்கு அக்காவின் ஸ்தோத்திரம்.

நான் சுகம். சர்க்கரை நூற்று அறுபதில் நிற்கிறது, மாத்திரை வேளைக்குப் போடுகிறேன். மாடியில் குடியிருக்கிற ஜோவும் சுகம். நான் கேட்காமலே அவளாகவே இதை எழுதச் சொன்னாள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அரிசி மண்டிக்காரன் அரிசி தின்னக் கூடாதாம்! துணிக்கடைக்காரனை வேட்டி கட்டாதே என்று சொல்வதற்கு எந்த டாக்டராவது இருக்கிறாரா என்று விசாரி. சோறு தின்று யாரும் பெருப்பதில்லை, தின்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பதால்தான் பெருக்கிறார்கள். நீ கடைசியாக எப்போது நடந்தாய்? ஜெனி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தாய். அதுவும் ரெஜினாவுக்காக இல்லை, டீக்கடையைத் தேடி.

ஆனாலும் என் மருமகள் கையைப் பிடித்து நீ நாற்பத்திரண்டு அடி நடக்க வேண்டும். அதற்காக இந்த வேலையைச் செய்கிறேன்.

முதல் பொட்டலம் நல்ல பழைய அரிசி. ஒன்றரை வருஷம் இருக்கும். ஆறின பிறகும் விரல் பட்டால் உதிர்கிறது. வாங்கு. இரண்டாவது புது அரிசி. பழசு என்று சொன்னவனைப் பார்த்தால் நான் சொன்னதாகச் சொல்லு, நாக்கு கூசவில்லையா என்று. சூட்டில் ஏமாற்றுகிறது, ஆறினதும் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது பழசுதான், ஆனால் மழையில் நனைந்து காய்ந்தது. தொண்டையில் இறங்கும்போது சாக்கு வாசம் வருகிறது. மெஸ்காரர்களுக்குச் சொல்லிவிட்டுக் கொடு, சொல்லாமல் கொடுக்காதே.

அந்த நவ்ரீன் பெண் எழுதிக் கொடுத்த தாள் ஒன்று இருக்குமே, அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. சும்மா படித்துப் பார்க்கத்தான்.

அக்கா செல்லக்கனி


காலடிப்பேட்டை
5 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நானோ நலத்துக்கும் ஒரு படி மேலே. ஆறு கிலோ குறைந்துவிட்டது! நாலு வாரத்தில் ஆறு கிலோ. பெல்ட்டில் புது ஓட்டை போடச் செருப்புத் தைக்கிறவரிடம் போனேன். அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஓட்டைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

நவ்ரீன் மட்டும் கைதட்டவில்லை. "அங்கிள், மொதல் மாசம் போறதுல பாதி தண்ணிதான். ரொம்ப ஆடாதீங்க" என்கிறாள். தண்ணீரோ என்னவோ, அதைச் சுமந்துகொண்டு நடந்தவன் நான்தானே? ஒரு நல்லது சொல்ல வேண்டும். பசி இல்லை. காலையில் மூன்று முட்டை தின்றால் மத்தியானம் வரை வயிறு வாய் திறப்பதில்லை. காசிமேட்டு மீன் வேறு இருக்கிறது. கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் தலைவலியில் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மலச்சிக்கல் பற்றி எழுத இது இடம் இல்லை. வாயில் ஒரு நாற்றம் வருகிறதாம். ஜெனி இரண்டு அடி தள்ளி நின்றுதான் அப்பா என்கிறாள். ரெஜினா நேற்று காலிபிளவரைத் துருவி வேகவைத்து, 'சோறு' என்று சொல்லித் தட்டில் வைத்தாள். அக்கா, அப்பா போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

மண்டியில் சாம்பிள் வடிப்பது கெங்கம்மாதான். பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கிறவள், உங்களுக்கு நினைவிருக்கும். நான் தரகர் முன்னால் கவளத்தை வாயில் போட்டு, "ம்ம்" என்று தலையாட்டி, கைக்குட்டையால் வாய் துடைக்கிற சாக்கில் துப்பிவிடுகிறேன். அவள் கண் சும்மா இருக்குமா? "இன்னா அண்ணாச்சி, இப்பல்லாம் தும்மல் இல்லாமயே கர்ச்சீப்ப எடுத்துக்கினு கீறே?" என்கிறாள். அவளிடம் சொன்னால் வியாசர்பாடிக்கே தெரிந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

நான்காம், ஐந்தாம் பொட்டலங்கள் இத்துடன் வருகின்றன. நவ்ரீன் தாளும் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் யார் யார் செய்யக் கூடாது என்று பொடி எழுத்தில் என்னமோ இருந்தது. நமக்கு எதற்கு என்று முன்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தேன்.

நூற்றாறு கிலோத் தம்பி
வெள்ளத்துரை


பாளையங்கோட்டை
19 ஜூலை 2025

அன்புத் தம்பி,

நலம். நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். ஆறு கிலோ என்பதைக் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். நான் எண்ணினேன்.

நான்காம் பொட்டலம் நன்று. ஐந்தாம் பொட்டலமும் நன்று. இரண்டையும் வாங்கலாம்.

இங்கே வெயில் தாங்கவில்லை. பக்கத்துத் தெரு அம்மாள் ஒருத்தி அந்தக் காலிபிளவர் விஷயத்தை என்னிடம் கேட்டாள். துருவின பிறகு பிழிய வேண்டுமா, பிழியாமல் வேகவைக்க வேண்டுமா? முட்டை ஒரு நாளைக்கு எத்தனை வரை போகலாம்? மஞ்சள் கருவோடா? வேர்க்கடலை உண்டா இல்லையா என்று தாளில் தெளிவாக இல்லை. அவளுக்காகத்தான் கேட்கிறேன், உடனே எழுது. அவள் கொஞ்சம் அவசரக்காரி.

அக்கா செல்லக்கனி


காலடிப்பேட்டை
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

சுகமாக இருக்கிறோம். நூற்று இரண்டே முக்கால். உங்கள் பக்கத்துத் தெரு அம்மாளிடம் சொல்லுங்கள்: பிழிய வேண்டும், கருவோடு மூன்று, வேர்க்கடலை ஒரு கை.

இங்கே வேறு ஒரு கூத்து நடக்கிறது. நான் இளைத்ததைப் பார்த்துச் சந்தையில் எனக்குத் தீராத வியாதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். போன வாரம் மட்டும் ஏழு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு ரொட்டி பாக்கெட், ஒரு சீப்பு மலைவாழைப்பழம். எல்லாமே தாளில் கூடாது என்று போட்டது. போதகரய்யா மண்டிக்கே வந்து, என் தலையில் கை வைத்து, 'இந்த அடியானின் கடைசி நாட்களை' என்று ஆரம்பித்தார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மூட்டை தூக்குகிற சின்னப்பையன் முதுகில் மூட்டையோடு நின்று அழுகிறான்! "அண்ணாச்சிக்கு இன்னாமோ பெர்ய நோவு கீது, சொல்ல மாட்டேன்றாரு. பொண்ணு கண்ணாலம் வரிக்கும் தாங்குமானு பேஜாரா கீது" என்று லாரிக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம். சத்தியமாக எனக்கு ஒன்றும் இல்லையடா என்று சொல்லிப் பார்த்தேன். இன்னும் அதிகமாக அழுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தரகர் அருள்நாதன் ஒரு பெரிய லோடு கொண்டுவந்திருக்கிறார். இரண்டு வருஷத்துப் பொன்னி என்கிறார். ஜெனி கல்யாணச் சாப்பாட்டை இதில்தான் போட எண்ணியிருக்கிறேன். பிரியாணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மசாலாவுக்குள் அரிசியை ஒளிப்பது மற்றவர்கள் வேலை. நம் அப்பா எபினேசர் பேத்தி கல்யாணத்தில் வெள்ளைச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான். சந்தை முழுக்க வந்து உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாகப் பார்க்கும். அதனால் இந்த ஏழாம் பொட்டலத்தை மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்து, சூட்டிலும் ஆறவைத்தும் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். ஆறாவது சாதாரண சரக்கு, அவசரமில்லை.

தம்பி வெள்ளத்துரை


பாளையங்கோட்டை
26 ஆகஸ்ட் 2025

என் அன்புத் தம்பிக்கு,

நலமே. உன் ஹார்லிக்ஸ் கதையை ஜோவுக்குப் படித்துக் காட்டினேன்.

ஏழாம் பொட்டலத்தைப் பற்றி என்ன சொல்வது! முல்லை மொட்டு போல வெள்ளை வெளேர் என்று, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, வாயில் வைத்ததும் அப்படியே அமிர்தமாக இருந்தது. இதைவிட உயர்ந்த அரிசி தமிழ்நாட்டில் இருக்க முடியாது. யோசிக்காமல் வாங்கு. ஆறாவதும் அப்படித்தான்.

கல்யாணத்துக்கு வைத்திருந்த பட்டு ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன். தையல்காரி இரண்டு வருஷத்துக்கு முன்னால் அளவு தப்பாகத் தைத்திருக்கிறாள் போலிருக்கிறது. தோளிலிருந்து வழிகிறது. இத்தனை நாள் எப்படிப் போட்டேன் என்றே தெரியவில்லை.

இப்போதெல்லாம் காலையில் எழுந்தால் கொஞ்சம் தலை கிறுகிறுக்கிறது, கை நடுங்குகிறது. வெயிலாக இருக்கும். ரெஜினாவிடம் சொல்லாதே, போன் போட்டுப் பிரசங்கம் பண்ணுவாள்.

அக்கா செல்லக்கனி


காலடிப்பேட்டை
12 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று எனக்கே தெரியவில்லை. ஒன்றரை மாதமாக ஒரு கடிதம் இல்லை. போன் பண்ணினால், "நல்லா இருக்கேன்டா, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுகிறீர்கள். நாலு தடவையும் அடுப்பில் பால் இருந்தது. என்மேல் கோபமா?

உங்கள் சொல்லை நம்பி அருள்நாதன் லோடு மொத்தத்தையும் இறக்கிவிட்டேன். கல்யாணத்துக்கு இருபத்தைந்து மூட்டையை ஒதுக்கி, மீதியை விற்றுக்கொண்டிருக்கிறேன். அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்து ஆட்களுக்கு மெஸ் நடத்துகிற சைமன் போன வாரம் வந்து கத்தினான். "இன்னா அண்ணாச்சி, சோறு கேட்டா போஸ்டர் ஒட்ற பசய குட்த்துக்கீறே? ஆளுங்க தட்ட கவுத்துக் காட்றானுங்க, சோறு கீழ வுழ மாட்டேன்து!" என்றான். எனக்கு வந்ததே கோபம்! யார் சுவைத்துச் சொன்ன அரிசி இது? உனக்குத் தண்ணீர் வைக்கத் தெரியவில்லை, அரிசியைக் குறை சொல்லாதே என்று விரட்டிவிட்டேன். மறுநாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் தண்ணீர் வைக்கத் தெரியவில்லை.

தொண்ணூற்று ஒன்பதரை கிலோ. ஆனால் மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறது. "இப்டி நிக்கறது சகஜம் அங்கிள். வருஷக் கணக்குல பாத்தா எந்த டயட்டா இருந்தாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நீங்க எத விடாம செய்வீங்களோ அதான் நல்ல டயட்" என்கிறாள் நவ்ரீன். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

நேற்று முப்பத்தாறு அடி உட்காராமல் நடந்தேன். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தால் ஜெனி அழுதுகொண்டிருக்கிறாள். "நீங்க இளைச்சது போதும்ப்பா. எது கேட்டாலும் எரிஞ்சு விழறீங்க. அம்மா தெனம் தனியா ஒக்காந்து சாப்பிடுது, பாத்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை அக்கா. மூன்று முட்டையை நின்றபடியே விழுங்கிவிட்டுப் போகிறவனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உடனே இரண்டு வரி எழுதுங்கள்.

வெள்ளத்துரை


பாளையங்கோட்டை
18 அக்டோபர் 2025

மரியாதைக்குரிய வெள்ளத்துரை அண்ணனுக்கு, உங்கள் அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜோ எழுதிக்கொள்வது. இங்கு அம்மா இப்போது நலம். 'இப்போது' என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

செப்டம்பர் 28-ஆம் தேதி பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் வேதபாடம் வாசிக்கும்போது அம்மா மயங்கி விழுந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சர்க்கரை நாற்பத்தெட்டு காட்டியது. சோற்றை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால் இப்படித்தான் ஆகும், யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள் என்று டாக்டர் கோபப்பட்டார். அம்மா கைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் காட்டினார்கள். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் வெறும் வெள்ளையாக இருந்தது.

மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பயப்பட வேண்டாம், மாத்திரையை மாற்றிவிட்டார்கள், இப்போது அளவாகச் சோறு சாப்பிடுகிறார்கள். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று முழுக்க அதையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதனால்தான் சத்தியத்தை மீறுகிறேன்.

இன்னொன்று. சமையலறையில் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று எண் போட்ட அரிசிப் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. முடிச்சு மட்டும் அவிழ்த்துத் திரும்பக் கட்டின மாதிரி இருந்தது. வீணாகிறதே என்று ஏழாம் எண்ணை எடுத்து வடித்தேன். எனக்குச் சமையல் அவ்வளவாக வராது என்பது உண்மைதான். ஆனாலும் களி மாதிரி ஆகிவிட்டது. அது எந்த ரக அரிசி, எப்படிச் சமைக்க வேண்டும் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்
ஜோ


பாளையங்கோட்டை
30 அக்டோபர் 2025

தம்பி,

நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் எல்லோரும் நலமா?

ஜோவின் கடிதம் வந்து, நீ போனில் ஒன்றுமே கேட்காமல், "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாய் பார், அதற்கு நீ திட்டியே இருக்கலாம்.

உண்மையைச் சொல்கிறேன். பக்கத்துத் தெரு அம்மாள் என்று யாரும் இல்லை. நீ ஆறு கிலோ என்று எழுதினதைப் படித்ததும் எனக்குப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பொறாமைதான், வேறென்ன? சின்ன வயதிலிருந்து கணக்கானாலும் பாட்டானாலும் உன்னை நான் ஜெயித்தே பழகியவள். நீ இளைத்து மாப்பிள்ளை மாதிரி நடந்து வர, நான் எண்பத்து நான்கு கிலோவில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதா? பதினொரு கிலோ குறைத்தேன். ரவிக்கை வழிந்த அன்று கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றேன். அதையும் மறைக்கவில்லை.

நான்காம் பொட்டலத்திலிருந்து ஒரு பருக்கை கூட வாயில் வைக்கவில்லை. வைத்தால் நிறுத்த முடியாது என்று பயம். மோந்து பார்த்து எழுதினேன். நாலும் ஐந்தும் தப்பித்தன. ஏழாவதுக்கு மூக்கில் ஒன்றும் பிடிபடவில்லை. அதனால்தான் முல்லை மொட்டு, அமிர்தம் என்று அளந்தேன். சுவைத்துப் பார்த்திருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பேன், அது உனக்கே தெரிந்திருக்க வேண்டும்!

ஜெனி கல்யாணச் சோற்றில் பொய் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு வரக்கூட வெட்கமாக இருக்கிறது.

செல்லக்கனி


காலடிப்பேட்டை
10 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று ஜோ தினமும் எனக்குச் செய்தி அனுப்புகிறாள். அதனால் பொய் சொல்ல வழியில்லை.

நீங்கள் வெட்கப்படுவதற்கு முன்னால் நான் படுகிறேன். பொடி எழுத்தை ஜெராக்ஸ் எடுக்காத சோம்பேறி நான். அதில் முதல் வரியே, 'சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது' என்பதுதான். படித்துவிட்டுக் கல்லாவில் தலையைக் கவிழ்த்து அழுதேன். சின்னப்பையன் பார்த்துவிட்டுப் போதகரய்யாவுக்குப் போன் போட்டுவிட்டான்.

அன்றைக்கே அரிசி வாங்கின எல்லோரையும் கூப்பிட்டேன். அருள்நாதனையும் வரச் சொன்னேன். "அஞ்சு மாசமா நான் சாம்பிள் சாப்பிடல. வாயில போட்டுத் துப்பினேன். இந்த லோடு புது அரிசி. எல்லா மூட்டையும் திரும்ப எடுத்துக்கறேன்" என்று சொன்னேன். சின்னப்பையன்தான், "அப்போ அண்ணாச்சி சாவலியா?" என்று கேட்டுவிட்டு மூட்டையைக் கீழே போட்டு ஆடினான். சைமன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அருள்நாதன், மில்லில் தன்னையும் ஏமாற்றிவிட்டதாகச் சொல்லிக் கல்யாணத்துக்குப் பழைய அரிசியாக மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டார்.

இதில் கெங்கம்மா சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது. "அந்த அர்சி கலீஜ்னு எனக்கு அன்னிக்கே தெரியும். வடிச்சவ நானு, துன்னு பாக்க மாட்டனா? நீ கர்ச்சீப்புல துப்பிக்கினு ஊருக்குப் பொட்டலம் கட்டிக்கினு இர்ந்தே. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?" அக்கா, அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நாக்கைத் தேடியிருக்கிறேன், ஆறடி தூரத்தில் ஒரு நாக்கு இருந்திருக்கிறது.

நவ்ரீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு, "சாம்பிள் பாக்க ஏன் அங்கிள் கவளம்? ஒரு ஸ்பூன் போதாதா?" என்று கேட்டாள். அப்பா கவளம் தின்றார், நான் கவளம் தின்றேன். ஸ்பூனில் பார்க்கலாம் என்று இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவே இல்லை.

இப்போது ஸ்பூன்தான். மத்தியானம் ஒரு கப் சோறு, ரெஜினாவோடு உட்கார்ந்து. எடை இரண்டு கிலோ ஏறிவிட்டது. சாயங்காலம் நடக்கிறேன். முப்பத்தாறைத் தாண்டி நாற்பது வரை வந்திருக்கிறது.

கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். முதல் வரிசையில் வலது ஓரம் உங்கள் இடம். அங்கே உங்கள் முகம் தெரிந்தால் மிச்சம் இரண்டு அடியையும் நடந்துவிடுவேன்.

தம்பி வெள்ளத்துரை


காலடிப்பேட்டை
4 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு, புத்தாண்டு வாழ்த்துகளும் ஸ்தோத்திரமும்.

ஊர் போய்ச் சேர்ந்ததைப் போனில் சொன்னீர்கள். ஜெனியும் மாப்பிள்ளையும் நேற்று வந்து சாப்பிட்டுப் போனார்கள். எல்லோரும் சுகம்.

அன்றைக்குக் கூட்டத்தில் உங்களிடம் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. சாயங்காலமே ரயிலுக்குக் கிளம்பிவிட்டீர்கள். நேரில் கேட்கவும் வாய் வரவில்லை. அதனால் எழுதிக் கேட்கிறேன்.

ஜெனி கையைப் பிடித்து நடந்தேன். முப்பத்தொன்றாவது அடியில் நான் நின்றதைக் கோயிலே பார்த்தது. முழங்கால் போய்விட்டது என்று நாலு பேர் எழுந்து ஓடி வந்தார்கள். முழங்கால் இல்லை அக்கா. வெளியே பந்தல் அடுப்பிலிருந்து ஜன்னல் வழியாகச் சோறு வேகிற வாசம் வந்தது. பதம் வந்துவிட்டது, இந்த நிமிஷம் வடிக்காவிட்டால் குழைந்துவிடும். யாரும் வடிக்கவில்லை. திரும்பி ஓடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். "அப்பா, நடங்க" என்று ஜெனி கையைக் கிள்ளினாள். சோறு போனால் போகட்டும், மகள்தான் பெரிது என்று நடந்தேன்.

நடந்து முடித்து உங்களைத் தேடினேன். வலது ஓரம் காலியாக இருந்தது. மோதிரம் மாற்றும்போதும் இல்லை, ஜெபத்திலும் இல்லை. அந்த நாற்பத்திரண்டு அடியும் நான் அந்த இடத்தைப் பார்த்துத்தான் நடக்க இருந்தேன். நவம்பரில் நான் எழுதினது ஏதாவது உங்கள் மனதைப் புண்படுத்திவிட்டதா? எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது போதும்.

வெள்ளத்துரை


பாளையங்கோட்டை
9 ஜனவரி 2026

என் அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸ்தோத்திரம்.

நான் சுகம். சர்க்கரை நூற்று முப்பது. சத்தியமாக.

அட மண்டு, கோபித்துக்கொண்டா போனேன்? உனக்கு முப்பத்தொன்றாவது அடியில் வந்த வாசம் எனக்கு நீ இருபதில் இருக்கும்போதே வந்துவிட்டது. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன் அல்லவா? உன்னைப் பார்த்தேன், நீ ஜெனியைப் பார்த்துக்கொண்டு வந்தாய். இவனுக்கும் இப்போது வாசம் வரும், வந்தால் இவன் நிற்பான் என்று தெரிந்துவிட்டது. பக்கவாட்டு வாசல் வழியாக ஓடினேன். பட்டுப் புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்துப் போதகரய்யாவின் மனைவி கோயிலுக்குள் பாம்பு புகுந்துவிட்டது என்று நினைத்தாராம்.

சமையல்காரர்கள் எல்லோரும் மணப்பெண்ணைப் பார்க்க வாசலில் நின்றிருந்தார்கள். அடுப்படியில் ஒரே ஆள் உன் கெங்கம்மா. தனியாக அண்டாவைச் சாய்க்க முடியாமல் அல்லாடிக்கொண்டிருந்தாள். "வாக்கா, அந்தாண்ட புடி, கொழஞ்சிடப் போவுது!" என்று கத்தினாள். நானும் அவளுமாக நாலு அண்டாவையும் சாய்த்து வடித்தோம். என் மருமகள் மோதிரம் மாற்றியதை நான் பார்க்கவில்லை. நீ கடைசி அடிகளை நடந்ததையும் பார்க்கவில்லை. அதை நினைத்து ரயிலில் கொஞ்சம் அழுதேன். ஆனால் வெளியே நின்றே பாட்டுச் சத்தம் கேட்டது, நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன்.

வடித்து முடித்ததும் கெங்கம்மா ஒரு ஸ்பூனை நீட்டினாள். நான் வேண்டாம் என்று கையாலேயே ஒரு கவளம் எடுத்தேன்.

நல்ல பழைய அரிசி தம்பி. உதிரி உதிரியாக இருந்தது. இந்தத் தடவை சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அக்கா செல்லக்கனி